‘ஏதோ சரியில்லை’ என்று நர்ஸுக்குத் தெரிந்தால்: ஒரு நைட் ட்யூட்டியும் அதற்கு வந்த மெமோவும்

பி.எஸ்சி நர்சிங் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். நர்ஸுக்கு அறிவு எந்தெந்த வழிகளில் வருகிறது, விளக்குக, ஐந்து மார்க். பார்பரா கார்ப்பர் என்ற அமெரிக்க நர்ஸ் 1978-ல் எழுதிய கட்டுரையில் நான்கு வழிகளைச் சொன்னார். அளந்தும் சோதித்தும் தெரிந்துகொள்ளும் அறிவியல் ஒன்று. எதிரில் இருப்பவரின் நிலையைச் சட்டென்று உணர்ந்து அதற்கேற்பக் கை வேலை செய்கிற கலை ஒன்று. தன்னை அறிந்து, நோயாளியோடு மனுஷராகப் பழகுவதில் வருவது ஒன்று. எது செய்யத் தக்கது என்கிற அறம் ஒன்று. நானும் மனப்பாடம் செய்து எழுதினேன், மார்க் வந்தது, மறந்துவிட்டேன். பிறகு அதைத் தேடி எடுத்துப் படித்தது ஒரு மெமோவுக்குப் பதில் எழுதுவதற்காக. சூளைமேட்டில் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, யாரைக் கேட்பது என்றே தெரியாமல், அழுதுகொண்டேதான் படித்தேன். சென்னைத் தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் சில வருடங்களில் இருக்கும் தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் பணமும் மாதங்களும் மிச்சமாகியிருக்கும். நோயாளி யாரென்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயிற்று ஆபரேஷன் முடிந்து சர்ஜிக்கல் வார்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல், காசிமேட்டுப் பக்கம் மீன் வியாபாரம். சர்க்கரை, பி.பி இரண்டும் உண்டு. வார்டில் அவரைப் பிடிக்காதவர் கிடையாது, ஏனென்றால் எல்லோரையும் திட்டுவார். ஊசி போடப் போனால் ‘இன்னா கண்ணு, கொல்ல வர்றியா’ என்பார், இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று ஆயாம்மாவிடம் சண்டை போடுவார். நான் தொடர்ந்து நைட் போட்டிருந்ததால் அவர் குரல் எனக்குப் பழக்கம். அன்றைக்கு ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் ஹேண்டோவரில் ‘ஸ்டேபிள், வைட்டல்ஸ் நார்மல்’ என்றார்கள். பதினோரு மணி ரவுண்டில் போனால் அம்மா திட்டவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார், விரல்கள் மட்டும் போர்வை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன. பி.பி 108/70, பல்ஸ் 88, பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 96, டெம்பரேச்சர் 99. எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. துணைக்கு இருந்த மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘சிஸ்டர், எங்கம்மா இப்டி கம்முனு இருக்காது’ என்றார்.

இந்த ‘ஏதோ’ மந்திரமெல்லாம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 1984-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: புதிதாக வந்த நர்ஸ் விதியைப் பார்த்து வேலை செய்வார், பல வருடம் பார்த்துப் பழகிய நர்ஸ் நிலைமையை மொத்தமாகப் பிடித்துவிடுவார், ஏன் என்று உடனே சொல்லவும் வராது. சொல்ல வராது என்பதால் காரணம் இல்லை என்று ஆகாது. அதனால் உங்களுக்கு அப்படித் தோன்றினால் அதைத் தள்ளிவிடாமல் நோயாளி பக்கத்திலேயே இரண்டு நிமிஷம் நின்று, எது எனக்கு இப்படித் தோன்ற வைத்தது என்று தேடுங்கள். நான் தேடினேன். பாதத்தைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. விரல் நுனியை அழுத்திவிட்டேன், நிறம் திரும்ப இரண்டு செகண்டுக்கு மேல் ஆனது. யூரின் பையில் நாலு மணி நேரத்தில் சேர்ந்தது ரொம்பக் கொஞ்சம். கிலோவுக்கு மணிக்கு அரை எம்.எல் என்று பார்த்தால் அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 30 எம்.எல்லாவது வரவேண்டும். அப்புறம் கையில் வாட்சை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணினேன். 26. நம்பாமல் மறுபடி எண்ணினேன், அதே 26.

மூச்சு எண்ணுவதைப் பற்றி இங்கே நின்று பேசியே ஆகவேண்டும். நம் வார்டுகளில் மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தைப் பாருங்கள், எல்லா நோயாளிக்கும் எல்லா ஷிஃப்டிலும் 18, 20, 18, 20 என்றுதான் இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறது, இதற்கு மட்டும் கண் வேண்டும், முழுசாக ஒரு நிமிஷம் வேண்டும். ஒரு சிஸ்டருக்குப் பத்துப் பதினைந்து படுக்கை இருந்தால் அந்த நிமிஷம் எங்கிருந்து வரும்? ஆனால் உடம்புக்குள் கிருமி பரவி ரத்தத்தில் அமிலம் கூடும்போது உடம்பு முதலில் செய்வது கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற மூச்சை வேகமாக்குவதுதான். அந்த நேரத்தில் ஆக்ஸிமீட்டர் 96, 97 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். பல்ஸ் 88-ஐயும் நம்ப முடியாது, ஏனென்றால் அந்த அம்மா பி.பிக்கு அட்டெனலால் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை பல்ஸை ஏற விடாது. வயதானவர்களுக்கு, அதுவும் சர்க்கரை இருந்தால், காய்ச்சல் வராமலேயே செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் நிலை, வரலாம். பி.பி 108 உங்களுக்கும் எனக்கும் நார்மல், அட்மிஷன் ஷீட்டில் 150 இருந்தவருக்கு அது சரிவு. நாலு எண்ணும் பொய் இல்லை, ஆனால் அது யாருடைய எண் என்று தெரிந்தால்தான் அதற்கு அர்த்தம். இந்த இடத்தில்தான் கார்ப்பரின் முதல் வழியும் மூன்றாவது வழியும் ஒன்றாகிறது என்று பின்னால் படிக்கும்போது புரிந்தது. தேர்வில் தனித்தனியாக எழுதினோம்.

ட்யூட்டி டாக்டருக்கு போன் செய்தேன். அவரும் பாவம், சின்னப் பையன், பி.ஜி எண்ட்ரன்ஸுக்குப் படித்துக்கொண்டே மூன்று மாடியையும் கேஷுவாலிட்டியையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ‘பி.பி எவ்வளவு? சாச்சுரேஷன்? சரி சிஸ்டர், ஆபரேஷன் வலியா இருக்கும், அப்சர்வ் பண்ணுங்க’ என்று வைத்துவிட்டார். ஒரு மணி வாக்கில் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, ‘ஏலம் முடிஞ்சிடுச்சா?’ என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்துக்கொண்டு மீன் ஏலத்துக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்கிறார். மறுபடி போன் செய்தேன், தூக்கக் கலக்கம் என்றார். மேலே இருக்கும் நைட் சூப்பர்வைசருக்குச் சொன்னேன், ‘டாக்டர் பார்த்துக்குவார் சிஸ்டர், நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க’ என்றார். கடைசியில் பொறுப்பான பெரிய டாக்டர், கன்சல்டன்ட், அவர் நம்பருக்கே நேராகக் கூப்பிட்டேன், ரிங் போனது, எடுக்கவில்லை. எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினேன். விடியும் முன் பி.பி 70-க்கு இறங்கியது. அதற்குப் பிறகு எல்லோரும் ஓடி வந்தார்கள். உள்ளே தையல் போட்ட இடத்தில் கசிவு, செப்சிஸ், மறுபடி ஆபரேஷன், வெகு நாள் ஐ.சி.யூ. பிழைத்துக்கொண்டார், அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

போனில் எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது, எஸ்.பி.ஏ.ஆர் என்பார்கள், அமெரிக்கக் கடற்படையில் பழகி அப்புறம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு உங்களிடம் என்ன வேண்டும். நமக்கு முதல் இரண்டும் நன்றாக வரும். மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் கணிப்பு டாக்டருடையது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். நாலாவது வரவே வராது. ‘பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க டாக்டர்’ என்றால் எதிர்ப்பக்கம் தூங்கிவிடும். ‘மூச்சு 26, முழு நிமிஷம் இரண்டு தடவை எண்ணினேன், வழக்கமான பி.பி 150, இப்போது 108; புதுசாகக் குழப்பமாகப் பேசுகிறார்; செப்சிஸாக இருக்குமோ என்று பயப்படுகிறேன்; பத்து நிமிஷத்தில் நேரில் வந்து பாருங்கள், வர முடியாதென்றால் யாரைக் கூப்பிடட்டும் என்று சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். நான் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னேன், ஆனாலும் வரவில்லை, அதனால் இது சர்வரோக நிவாரணி என்று விற்கமாட்டேன். ஆனால் கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டும், அந்தப் பதிலை அப்படியே எழுதிவைக்கலாம்.

குடும்பம் புகார் கொடுத்தது. கொடுக்கவேண்டியதுதான், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மெமோ எனக்கு வந்தது. விசாரணையில் நான் எழுதிய 26-ஐக் காட்டினேன். அப்போது ஒருவர் சொன்னதை மறக்கவே முடியாது: ‘பகல் முழுக்க 18, 20. உங்க ஷிஃப்ட்ல மட்டும் 26. நீங்கதான் தப்பா எண்ணியிருக்கணும்.’ உண்மையில் எண்ணப்பட்ட ஒரே எண் அதுதான், எண்ணாமல் எழுதிய எண்கள் எல்லாம் சேர்ந்து அதைப் பொய்யாக்கிவிட்டன. ‘ஏலம் முடிஞ்சிடுச்சா’ என்பதை நர்ஸஸ் நோட்ஸில் எழுதியதற்குச் சிரித்தார்கள், இது கதை எழுதும் இடமா என்று. பிறகு தனியாகக் கூப்பிட்டு, நோட்ஸைக் கொஞ்சம் ‘சரிசெய்து’ வேறு தாளில் எழுதிக் கொடுத்தால் மெமோவை வாபஸ் வாங்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். மாட்டேன் என்றேன். வீரமெல்லாம் இல்லை, கை நடுங்கியது. அந்த மகளுடைய முகம்தான் ஞாபகம் வந்தது. கேஸ் ஷீட்டை எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும் மாற்றி எழுதாதீர்கள். விட்டுப்போனது இருந்தால் ‘தாமதமாக எழுதியது’ என்று போட்டு, எழுதும் தேதியும் நேரமும் போட்டு, கீழே சேர்க்கலாம், அது முறை. ஏற்கெனவே இருப்பதை அழிப்பது வேறு விஷயம். அதே மாதிரி பயத்தில் கேஸ் ஷீட்டை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம், நோயாளியின் அந்தரங்கம் அது, பின்னால் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

மெமோவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் நான் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்று உறைத்தது. கூட வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள், ஆனால் எல்லோருக்கும் லோன் இருக்கிறது, ஊரில் தம்பி படிக்கிறான். கேன்டீனில் பக்கத்தில் உட்காரவே தயங்கினார்கள். அம்மாவிடம் சொன்னால் ‘போதும்டி, ஊருக்கு வந்துடு’ என்பார், அதனால் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் பழைய பாடத்தைத் தோண்டினேன், கூடவே நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று ஒவ்வொரு அளவுக்கும் மார்க் போட்டுப் பார்க்க பிரிட்டனில் பயன்படுத்தும் நியூஸ் ஸ்கோர் முறையையும், 2017-ல் திருத்திய வடிவம், எடுத்து அந்த இரவின் எண்களைப் போட்டுப் பார்த்தேன். மூச்சு 25 அல்லது அதற்கு மேல், 3. பி.பி 108-க்கு 1. புதிதாக வந்த குழப்பத்துக்கு 3. ஆக்சிஜன், பல்ஸ், டெம்பரேச்சர் மூன்றுக்கும் பூஜ்யம். மொத்தம் 7. ஐந்து வந்தாலே டாக்டர் அவசரமாகப் பார்க்கவேண்டும், ஏழு என்றால் எமர்ஜென்சி. அவர்கள் சிரித்த ‘ஏலம் முடிஞ்சிடுச்சா’தான் அதில் மூன்று மார்க். நான் பதிலில் இதை எழுதிக் கொடுத்தபோது அறையில் சத்தம் இல்லை. எனக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. நான் பார்த்ததும் மகள் சொன்னதும் அதேதான், அதற்கு ஒரு எண் கிடைத்ததும் தான் காதில் விழுகிறது. நெதர்லாந்தில் நர்ஸுக்கு வரும் கவலையையே ஒரு அறிகுறியாக எடுத்து, எதனால் கவலை வருகிறது என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள், மூச்சில் மாற்றம், பதற்றம், நோயாளியே ‘எனக்கு ஒருமாதிரி இருக்கு’ என்று சொல்வது, காரணம் சொல்லத் தெரியாத உணர்வு உட்பட. இங்கிலாந்தில் 2024-லிருந்து குடும்பத்தினர் கவலைப்பட்டால் தாங்களே வேறு மருத்துவக் குழுவைக் கூப்பிடும் வழியை ஆஸ்பத்திரிகளில் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் மகளை ‘அட்டெண்டர்தானே, வெளியே இருங்க’ என்கிறோம்.

கார்ப்பர் சொன்ன நான்கோடு ஐந்தாவதாக ஒன்றை ஜில் வைட் என்பவர் 1995-ல் சேர்த்தார், சமூக அரசியல் அறிவு. படிக்கும்போது ஒப்புக்குச் சேர்த்தது மாதிரி இருந்தது. இப்போது கேட்டால் தனியார் ஆஸ்பத்திரியில் முதலில் வேண்டியதே அதுதான் என்பேன்: இரவு இரண்டு மணிக்கு யாருடைய வார்த்தை எடுபடும், யார் சொன்னால் கன்சல்டன்ட் போனை எடுப்பார், புகார் வந்தால் எந்தப் படியில் இருப்பவர் மேல் விழும். புது இடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எமர்ஜென்சியில் யாருக்கு அடுத்து யாரைக் கூப்பிடவேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இல்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

ஆனால் உள்ளுணர்வு, உள்ளுணர்வு என்று அதைத் தலையில் தூக்கி வைப்பதும் எனக்குப் பிடிக்காது. அதே உள்ளுணர்வுதான் லேபர் வார்டில் ‘இவ சும்மா கத்துறா’ என்றும் சொல்ல வைக்கிறது. குடித்த வாடையோடு கேஷுவாலிட்டிக்கு வருகிறவர் உளறினால் ‘குடிகாரன்தானே’ என்று ஓரமாகப் படுக்க வைப்போம், சர்க்கரை 40-க்கு இறங்கியதால் உளறுகிறாரா என்று ஊசி குத்திப் பார்க்க மறந்துபோகும். ஒருவருடைய பேச்சும் உடையும் ஊரும் பார்த்து நமக்கு வரும் தீர்ப்பும் அறிவு மாதிரியே வேஷம் போட்டு வரும். தன்னை அறிவது என்று கார்ப்பர் சொன்னதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: எனக்கு இவர் மேல் எரிச்சலா, இரக்கமா, அது என் கணிப்பில் எவ்வளவு கலந்திருக்கிறது? சோதிக்க எளிய வழி, கவலை வந்தாலும் சரி, அலட்சியம் வந்தாலும் சரி, மூச்சை எண்ணு, சர்க்கரை பார், பாதத்தைத் தொடு. எண் இல்லாத உணர்வுக்கு எண் தேடு, ஆளைப் பார்க்காத எண்ணுக்கு ஆளைப் பார்.

நோட்ஸ் எழுதும்போது நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை. துணைக்கு இருப்பவரிடம் ‘வீட்டில் எப்படி இருப்பார்?’ என்று கேட்டு அதையும் எழுதுங்கள். டாக்டரிடம் சொன்னேன் என்று மட்டும் போதாது. எத்தனை மணிக்கு, யாரிடம், என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார். என்னைக் கடைசியில் காப்பாற்றியதும் அந்த வரிகள்தான், வேலையிலிருந்து தூக்க முடியவில்லை. ‘எச்சரிக்கை’ என்று முடித்தார்கள், மெமோவை வாபஸ் வாங்கவில்லை.

அங்கே இருக்க முடியாமல் நானே ராஜினாமா செய்தேன். நோட்டீஸ் பீரியட் என்று காரணம் காட்டிக் கடைசிச் சம்பளத்தைப் பிடித்தார்கள், வேறு கழிவுகளும் சேர்ந்து ஏறக்குறைய 40,000 ரூபாய் போனது. அதைவிட எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை மாதக்கணக்கில் இழுத்தடித்ததுதான் அடி. வளைகுடாவுக்குப் போக ஏஜென்சியில் கட்டியிருந்த 25,000 திரும்பவில்லை, அந்த இன்டர்வியூவும் கைவிட்டுப் போனது, ஏனென்றால் அங்கே சர்டிபிகேட் சரிபார்ப்பு இல்லாமல் லைசென்ஸ் நகராது. ஹெச்.ஆரில் ஒருவர் ‘உங்க ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும்’ என்று பயமுறுத்தினார், நானும் நம்பித் தூங்காமல் கிடந்தேன். ரிஜிஸ்ட்ரேஷன் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிற தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் தருவது. ஆஸ்பத்திரி புகார் கொடுக்கலாம், பறிக்க முடியாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், மாதச் சம்பளச் சீட்டு, ட்யூட்டி ரோஸ்டர் எல்லாவற்றையும் சேர்ந்த நாளிலிருந்தே வீட்டில் ஒரு ஃபைலில் வையுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டால் சேருவதற்கு முன்பே யோசியுங்கள். 2012-ல் இதே சென்னையில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள், இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்று எழுதி வாங்கும் பாண்டையும் இதையும் எதிர்த்துத்தான் தெருவுக்கு வந்தார்கள். மெமோ வந்தால் வாயால் பதில் சொல்லாதீர்கள், அன்றைக்கே எழுதவும் வேண்டாம், அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். ராஜினாமாவை ஈமெயிலிலும் அனுப்புங்கள், ரிலீவிங் ஆர்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இரண்டும் வேண்டும் என்று அதே மெயிலில் கேளுங்கள். எனக்குக் கடைசியில் சர்டிபிகேட் கிடைத்தது ஒரு வக்கீல் கடிதம் போன பிறகுதான், அந்தக் கடிதத்துக்கு ஆன செலவு சில ஆயிரம். முதல் மாதமே அனுப்பியிருக்கலாம் என்று அந்த வக்கீலம்மா சொன்னார்.